குடத்துக்குள் எதைப் போடுவது?

(காவாந்தண்டலத்தில், அங்கன்வாடி மற்றும் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நூறு நாள் வேலை முடித்து நேராக இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களுக்கும், ஒரகடத்தில் இரவு ஷிப்ட் பார்த்துவிட்டுத் தூக்கத்தைத் தள்ளிவைத்து வந்திருக்கும் தம்பிமார்களுக்கும், பேரப்பிள்ளையை மடியில் வைத்திருக்கும் ஆயாக்களுக்கும், அங்கன்வாடி டீச்சருக்கும், பள்ளி ஆசிரியர்களுக்கும் தனித்தனியாக வணக்கம்.

"பிள்ளைகளுக்கு நல்ல ஆப் எது, நாலு பெயர் சொல்லுங்கள்" என்று கேட்டுத்தான் என்னை அழைத்தார்கள். சிலர் நோட்டும் பேனாவுமாகவே வந்திருக்கிறீர்கள். பெயர்களும் சொல்லத்தான் போகிறேன். ஒரு கை விரலுக்குள் அடங்கிவிடும். ஆனால் இன்றைக்கு இருக்கிற செயலி அடுத்த வருஷம் இருக்குமா என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. இருந்தாலும் வேறு கம்பெனி கைக்கு மாறியிருக்கலாம். தேர்ந்தெடுக்கும் முறை தெரிந்துவிட்டால் எந்தப் பெயர் வந்தாலும் நீங்களே எடை போட்டுக்கொள்வீர்கள். அதனால் முறை முதலில், பெயர் பிறகு.

மூன்று வயதிலிருந்து எட்டு வயது வரை உள்ள பிள்ளைகளைப் பற்றித்தான் இன்றைய பேச்சு. இரண்டு வயதுக்குக் கீழே இருக்கும் குழந்தைக்கு நல்ல செயலி, கெட்ட செயலி என்ற பேச்சே இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2019 ஏப்ரலில் தெளிவாகச் சொல்லிவிட்டது. கைக்குழந்தைக்குத் திரை கூடாது. ஒரு வயதுக் குழந்தைக்கும் கூடாது. இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, குறையக் குறைய நல்லது. நம் நாட்டுக் குழந்தை மருத்துவர்களின் சங்கமும் இதையேதான் சொல்கிறது. ஐந்து முதல் பத்து வயதுப் பிள்ளைக்கு இரண்டு மணி நேரத்துக்குள் நிறுத்தச் சொல்கிறது. வெளியூரில் இருக்கும் அப்பாவிடம் வீடியோ காலில் பேசுவதை மட்டும் மருத்துவர்கள் விட்டுக்கொடுக்கிறார்கள். அது பேச்சு, உறவு. அதற்கு யாரும் கணக்குப் பார்க்க வேண்டாம்.

"செல்லே கொடுக்காமல் வளர்த்தால் என்ன?" என்று கேட்கிற பெரியவர்களும் இங்கே இருக்கிறீர்கள். முடிந்தால் நல்லதுதான். ஆனால் நாட்டு நிலவரத்தைப் பாருங்கள். கிராமப்புறக் கல்வியை ஆராயும் 'அசர்' அறிக்கையின்படி, இந்தியக் கிராமங்களில் 2018-இல் நூற்றுக்கு 36 குடும்பங்களில் ஸ்மார்ட்போன் இருந்தது. 2022-இல் அது 75-ஐத் தொட்டது. 2024-இல் 84. ஆறே வருஷத்தில் நடந்த மாற்றம் இது. போன் வீட்டுக்குள் வந்துவிட்டது. அப்பா வேலை விட்டு வரும் எட்டு மணிக்காகப் பிள்ளை வாசலிலேயே காத்திருக்கிறது. அப்பாவை எதிர்பார்த்தா, அப்பாவின் சட்டைப் பையில் இருப்பதை எதிர்பார்த்தா என்பதை அவரவர் வீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் மாவட்டம் பார்த்த பாடம்

செல்லில் பாடம் என்பது நமக்குப் புதிதல்ல. 2020 மார்ச்சில் கொரோனாவால் மூடிய தொடக்கப்பள்ளிகள் 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தன. ஒன்றரை வருஷத்துக்கு மேல் பிள்ளைகள் வகுப்பறையைப் பார்க்கவில்லை. ஒன்றாம் வகுப்புக்குப் போகாமலே மூன்றாம் வகுப்புக்கு வந்து உட்கார்ந்த பிள்ளைகள் எத்தனை பேர் என்று இந்த ஆசிரியர்களைக் கேளுங்கள்.

அப்போது தமிழக அரசு தொடங்கியதுதான் 'இல்லம் தேடிக் கல்வி'. முதலில் பன்னிரண்டு மாவட்டங்களில் ஆரம்பித்தார்கள். நம் காஞ்சிபுரமும் அதில் ஒன்று. மாலை ஐந்து மணிக்கு மேல் தெருத் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் சமுதாயக் கூடத்திலும் பிள்ளைகளை உட்கார வைத்துப் பாடம் சொன்னார்கள். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்குத் தமிழ்நாடு முழுக்க ஏறத்தாழ இரண்டு லட்சம் தன்னார்வலர்கள் வந்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். இந்தக் கூட்டத்திலேயே அப்படிப் பாடம் எடுத்த அக்காமார்கள் இருப்பார்கள்.

2022 ஜூன் 1 முதல் 12 வரை இவர்கள் ஒரு வாசிப்பு மாரத்தான் நடத்தினார்கள். அதற்குப் பயன்பட்டது கூகுளின் 'ரீட் அலாங்' செயலி. பன்னிரண்டு நாளில் 18 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் 263 கோடி சொற்களை வாசித்தார்கள் என்று கணக்கு வெளிவந்தது.

அந்தச் செயலி வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. திரையில் ஒரு கதை வரும். பிள்ளை சத்தமாகப் படிக்க வேண்டும். போனில் இருக்கும் மைக் அதைக் கேட்கும். சரியாகப் படித்த சொல் நிறம் மாறும். ஒரு சொல்லில் நாக்கு தட்டினால் அதைத் தொட்டால் போதும், 'தியா' என்ற பெண்குரல் அந்தச் சொல்லை உச்சரித்துக் காட்டும். பிறகு பிள்ளை மறுபடி படிக்கலாம். கதைகளை ஒருமுறை இறக்கிக்கொண்டால் நெட் இல்லாமலே ஓடும். விளம்பரம் கிடையாது. வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு இதில் எதுவும் நகராது. பிள்ளை உழைத்தால்தான் கதை நகரும். இந்த இடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி இங்கே வருவோம்.

நம் பக்கத்தில் வாழைப்பழத்தை 'வாயப்பயம்' என்போம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அது நம் மண்ணின் பேச்சு. ஆனால் புத்தகத்தில் ழகரம் இருக்கிறது, பிள்ளை அதையும் பழக வேண்டும். செயலி ழகரத்தை எதிர்பார்த்து நிற்கும்போது, பக்கத்தில் இருக்கும் அக்கா பிள்ளையைக் கேலி செய்யாமல், "நாக்கை மடக்கி மேலே தொடாமல் சொல்லு" என்று தன் வாயைத் திறந்து காட்டினால் பிள்ளை பிடித்துக்கொள்ளும். போனுக்கு வாய் கிடையாது, காட்டாது.

அந்த இடத்தில்தான் விஷயம் இருக்கிறது. தமிழகக் கிராமங்களில் ஏறத்தாழ 19 ஆயிரம் பிள்ளைகளைத் தொடர்ந்து சோதித்துப் பார்த்த கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், மவுரிசியோ ரொமேரோ ஆகிய பொருளாதார அறிஞர்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. அப்படி மீண்டதில் சுமார் கால் பங்கு இல்லம் தேடிக் கல்வியால் வந்தது. பள்ளி மூடியிருந்த காலத்தில் எத்தனையோ வீட்டில் செல் இருந்தது, செயலிகளும் இருந்தன. அவற்றால் தடுக்க முடியாத இழப்பை, ஆசிரியரும் தெருவில் பாய் விரித்து உட்கார்ந்த அக்காவும் சேர்ந்து ஈடு கட்டினார்கள். செயலி அந்த அக்காவின் கையில் இருக்கும்போது கருவி. அக்கா இல்லாதபோது அது வெறும் பொழுதுபோக்கு, சில நேரம் அதைவிட மோசம்.

உத்திரமேரூர்ச் சுவர் சொல்வது

இப்போது தேர்ந்தெடுக்கும் முறைக்கு வருகிறேன். இதற்கு அமெரிக்காவுக்குப் போக வேண்டாம், உத்திரமேரூருக்குப் போனால் போதும். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருப்பது உங்களுக்குத் தெரியும். 919-இல் ஒன்று, 921-இல் ஒன்று. ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு ஆள் எடுத்த குடவோலை முறையைச் சொல்பவை. அந்தச் சபை ஊரில் எல்லாருக்கும் திறந்திருந்த சபை அல்ல. நிலமும் வேதப் படிப்பும் உள்ள சிலருடைய சபை. அதைப் போற்றிப் பாட நான் வரவில்லை. அவர்கள் வேலை செய்த ஒழுங்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு, உள்ளே இருப்பது என்னவென்று அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். எடுத்தது சிறுவன். ஆனால் குடத்துக்குள் எந்த ஓலை போகலாம், எது போகக் கூடாது என்பதை அதற்கு முன்பே பெரியவர்கள் வகுத்துவிட்டார்கள். வயது இவ்வளவு, சொந்த மனை வேண்டும், இன்னது படித்திருக்க வேண்டும் என்று தகுதிகள் ஒரு பக்கம். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் கூடாது, அவன் உறவினனும் கூடாது, பிறர் பொருளைக் கவர்ந்தவன் கூடாது என்று விலக்குகள் மறுபக்கம்.

நம் வீட்டில் தலைகீழாக நடக்கிறது. போன் என்னும் குடத்துக்குள் உலகத்தில் உள்ள அத்தனை ஓலையும் கிடக்கிறது. நான்கு வயதுப் பிள்ளை கையை விடுகிறது. தவறானது வந்தால் பிள்ளையை அடிக்கிறோம். பிள்ளை தனக்குப் பிடித்ததை எடுக்கட்டும், அதில் தவறில்லை. எதை எடுத்தாலும் நல்லதாகவே இருக்கும்படி குடத்தை நிரப்பி வைப்பது பெரியவர் வேலை. இன்றைக்கு நான் சொல்ல வந்தது இந்த ஒன்றுதான்.

விலக்குகள் ஐந்து

முதல் விலக்கு, விளம்பரம். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கான 135 செயலிகளைப் பிரித்துப் பார்த்து 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். நூற்றுக்கு 95-இல் ஏதாவது ஒரு வகை விளம்பரம் இருந்தது. மேசைமேல் இருக்கும் இந்தப் போனில் ஒரு வண்ணம் தீட்டும் செயலியைப் போட்டு வைத்திருக்கிறேன். பெயர் வேண்டாம், இதுபோல ஆயிரம் இருக்கிறது. திறந்தால் ஒரு யானை. பிள்ளை சிவப்பைத் தொடும், மஞ்சளைத் தொடும். நான்காவது நிறத்தின்மேல் ஒரு பூட்டு. தொட்டால், வீடியோ பார்த்தால் திறப்பேன் என்கிறது. அரை நிமிஷம் ஒரு கார் விளையாட்டு ஓடுகிறது. முடிந்ததும் மூலையில் எள்ளளவு ஒரு பெருக்கல் குறி. பிள்ளையின் விரல் அதில் சரியாகப் படாது. ஒரு நூலிழை தள்ளிப் பட்டால் பிளே ஸ்டோர் திறந்து, அந்தக் கார் விளையாட்டை இறக்கு என்கிறது. யானை எங்கே போனது என்று பிள்ளைக்குத் தெரியாது. எது விளையாட்டு, எது விளம்பரம் என்று நான்கு வயதில் பிரித்தறிய முடியாது. அதை நம்பித்தான் இந்த வியாபாரமே நடக்கிறது.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. செயலியை இறக்கியதும் ஏரோப்ளேன் மோடு போடுங்கள். நெட் இல்லாமல் அது ஒழுங்காக ஓடினால் பாதிச் சோதனை தேறியது. "நெட் இல்லை" என்று முரண்டு பிடித்தால் அது யாரோடு பேசத் துடிக்கிறது என்று யோசியுங்கள். பிறகு பத்து நிமிஷம் நீங்களே விளையாடிப் பாருங்கள். பிள்ளைக்குக் கொடுக்கும் மருந்தின் தேதியைப் பார்க்காமல் கொடுப்பீர்களா?

இரண்டாவது விலக்கு, காசு. 'ஏழு நாள் இலவசம்' என்று உள்ளே இழுத்து, எட்டாம் நாள் கணக்கிலிருந்து பணம் எடுப்பது ஒரு வகை. வைரம், நாணயம், சாவி என்று விற்பது இன்னொரு வகை. பிள்ளைகள் தெரியாமல் செய்த வாங்கல்களுக்காக 2014-இல் அமெரிக்க அரசு அமைப்பு ஒன்று ஆப்பிள் நிறுவனத்தைக் குறைந்தது 3 கோடியே 25 லட்சம் டாலரைப் பெற்றோருக்குத் திருப்பித் தரச் செய்தது. நம் மத்தியக் கல்வி அமைச்சகமும் 2021 டிசம்பரில் கல்விச் செயலிகள் குறித்துப் பெற்றோரை எச்சரித்து, தானாகப் பணம் எடுக்கும் வசதிக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள் என்றது. இப்படித் தானாகப் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே உங்களுக்குத் தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. பேங்க் மெசேஜை விளம்பரம் என்று நினைத்துத் தள்ளிவிடாதீர்கள். வீட்டில் யுபிஐ ரகசிய எண்ணைப் பிள்ளை முன்னால் அழுத்தாதீர்கள். ஏமாற்றுச் சந்தா என்றால் நுகர்வோர் உதவி எண் 1915. பணமே மோசடியாகப் போனால் உடனே 1930.

மூன்றாவது விலக்கு, தேவைக்கு மேல் கேட்பது. வண்ணம் தீட்டும் செயலிக்கு உங்கள் போனில் உள்ள நம்பர்கள் எதற்கு? நீங்கள் இருக்கும் இடம் எதற்கு? வாசிக்கச் சொல்லும் செயலி மைக் கேட்பதில் நியாயம் இருக்கிறது, பலூன் உடைக்கும் விளையாட்டு கேட்பதில் இல்லை. 2023-இல் வந்த நம் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள எல்லாரையும் பிள்ளை என்கிறது. பெற்றோர் சம்மதம் இல்லாமல் அவர்கள் விவரத்தை எடுக்கக் கூடாது, அவர்களைப் பின்தொடர்ந்து குறிவைத்து விளம்பரம் காட்டக் கூடாது என்கிறது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. சட்டம் முழுதாக வந்து சேரும்வரை 'அனுமதிக்காதே' என்ற பொத்தான் உங்கள் கையில்தான் இருக்கிறது.

நான்காவது விலக்கு, முடிவே இல்லாதது. நல்ல கதைக்கு முடிவு இருக்கும். ஒன்று முடிவதற்குள் அடுத்தது தானாக ஓடினால் பிள்ளைக்கு எழுந்திருக்க இடமே கிடைக்காது. ஊரில் பிள்ளைகள் அதிகம் பார்ப்பது கல்விச் செயலி எதுவும் இல்லை, யூடியூப்தான். அதை மறைத்துப் பேசிப் பயனில்லை. தானாக ஓடும் வசதியை நிறுத்துங்கள். ஷார்ட்ஸ் பக்கம் பிள்ளை போகவே வேண்டாம். யூடியூப் கிட்ஸில் பெற்றோர் தேர்ந்தெடுத்த வீடியோக்கள் மட்டும் தெரியும்படி அமைக்க முடியும். அப்படி அமைக்காவிட்டால் சாதாரண யூடியூபுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

ஐந்தாவது விலக்கு, தப்புத் தமிழ். தமிழ் கற்றுக்கொடுக்கிறேன் என்று வரும் செயலியில் நான்கு இடத்தைத் தட்டிப் பாருங்கள். ல, ள, ழ மூன்றும் தனித்தனியாகக் காதில் விழுகிறதா? ந, ண, ன குழம்புகிறதா? 'கொ' என்ற எழுத்தில் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் பிரிந்து நடுவில் புள்ளி வட்டம் தெரிகிறதா? எழுதக் காட்டும்போது 'அ'-வைச் சுழியில் தொடங்குகிறதா, வாலில் தொடங்குகிறதா? முதலில் படிந்த பிழையைப் பிறகு மாற்றுவது எவ்வளவு பாடு என்று முதல் வகுப்பு டீச்சரைக் கேளுங்கள்.

இந்த ஐந்தில் ஒன்று பட்டாலும் ஓலை குடத்துக்குள் போகாது. பிளே ஸ்டோரில் '3+' என்று போட்டிருக்கிறதே என்று சிலர் கேட்பீர்கள். வன்முறை, ஆபாசம் இல்லை என்பதற்கு மட்டும்தான் அந்த எண். மூன்று வயதுப் பிள்ளைக்கு அதனால் பயன் உண்டு என்று அது சொல்லவில்லை. 'கல்வி' என்ற பலகையும் அப்படித்தான். நட்சத்திரமும் அப்படித்தான், நட்சத்திரம் போடுவது பிள்ளை இல்லை.

தகுதிகள்

விலக்கில் தப்பியதெல்லாம் நல்லதாகிவிடாது, தகுதியும் பார்க்க வேண்டும். கேத்தி ஹிர்ஷ்-பாசெக்கும் அவருடைய சக உளவியலாளர்களும் 2015-இல் நான்கு தூண்களைச் சொன்னார்கள். பிள்ளையின் மூளை வேலை செய்ய வேண்டும், கவனம் சிதறக் கூடாது, கற்பது அதன் வாழ்க்கையோடு ஒட்ட வேண்டும், இன்னொரு மனிதரோடு பேச வைக்க வேண்டும். பிற்பாடு இந்த அளவுகோலை வைத்து 124 கல்விச் செயலிகளைப் பார்த்தபோது பாதிக்கு மேல் குறைந்த மதிப்பெண்ணே வாங்கின.

இதை நம் வீட்டுக்கு ஏற்றபடி இரண்டு கேள்வியாக்குகிறேன். பிள்ளை விளையாடும்போது கேட்க வேண்டியது ஒன்று: விரல் மட்டும் ஓடுகிறதா, பிள்ளை யோசிக்கிறதா? ரீட் அலாங்கில் பிள்ளை உழைத்தால்தான் கதை நகரும் என்றேனே, அந்த இடம்தான் இது. கண்டபடி தட்டினாலும் "சபாஷ்" என்று பூத்தூவும் செயலி யோசிக்க விடாது. தப்பு செய்தால் பொறுமையாக மறுபடி செய்யச் சொல்வது நல்ல செயலி. போனை வைத்த பிறகு கேட்க வேண்டியது இரண்டாவது: அதைப் பற்றிப் பிள்ளை ஏதாவது பேசுகிறதா, செய்கிறதா? செல்லில் ஐந்து வாத்தை எண்ணிய பிள்ளை செய்யாற்று மணலில் ஐந்து கூழாங்கல்லைப் பொறுக்கி வைத்தால் பாடம் உள்ளே இறங்கிவிட்டது. போனை வைத்ததும் "இன்னும் வேணும்" என்பதைத் தவிர வேறு பேச்சே இல்லை என்றால் அந்தச் செயலி பிள்ளைக்கு வேலை செய்யவில்லை, தன் கம்பெனிக்கு வேலை செய்கிறது.

கல்வெட்டில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 919-இல் முப்பது முதல் அறுபது வயது என்று வைத்த விதியை இரண்டே வருஷத்தில், 921-இல், முப்பத்தைந்து முதல் எழுபது என்று திருத்தினார்கள். வாரியத்துக்கு ஒருமுறை வந்தவர் அடுத்த வருஷமும் தொடர முடியாது. செயலியும் அப்டேட் ஆகிக்கொண்டே இருக்கும். நேற்று விளம்பரம் இல்லாதது இன்றைக்கு விளம்பரத்தோடு வரலாம். ஒவ்வொரு பரீட்சை விடுமுறைக்கும் ஒருமுறை குடத்தைக் கவிழ்த்துப் பார்த்துவிடுங்கள்.

பெயர்கள்

இப்போது பேனாவை எடுங்கள்.

வாசிக்க, முன்னே சொன்ன ரீட் அலாங். தமிழும் ஆங்கிலமும் இருக்கிறது. செயலியாகக் கிடைக்காவிட்டால் இணையதளமாகத் திறந்துகொள்ளலாம்.

கதைக்கு, பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர். 2015-இல் தொடங்கிய தளம், முழுக்க இலவசம். நூற்றுக்கணக்கான தமிழ்க் கதைகள் படத்தோடு இருக்கின்றன, பிள்ளையின் படிப்புக்கு ஏற்றபடி நிலை பிரித்து வைத்திருக்கிறார்கள்.

விளையாட்டுக்கும் கணக்குக்கும், ஜிகாம்பிரி. பிரான்ஸ் நாட்டுக்காரர் ஒருவர் 2000-இல் தொடங்கி, பல நாட்டுத் தன்னார்வலர்கள் வளர்த்த கட்டற்ற மென்பொருள். நூற்றுக்கும் மேற்பட்ட விளையாட்டுகள். விளம்பரம் இல்லை, காசு இல்லை.

ஆங்கிலம் பழக, கான் அகாடமி கிட்ஸ். லாப நோக்கமில்லாத அமைப்பு 2018-இல் வெளியிட்டது. விளம்பரமும் சந்தாவும் இல்லை. தமிழ் கிடையாது, அதனால் பக்கத்தில் ஒருவர் இருப்பது அவசியம்.

ஐந்தாவது, உங்கள் வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது. 2018 முதல் வந்த நம் பாடப்புத்தகங்களில் கியூஆர் கட்டங்கள் இருக்கின்றன. திக்‌ஷா செயலியில் அதைக் காட்டினால் அந்தப் பாடத்துக்கான காணொளி வரும். பிள்ளை பள்ளியில் என்ன படிக்கிறதோ அதோடு ஒட்டி வருவதால் இது தனிச் சிறப்பு. மணற்கேணி செயலியைச் சிலர் கேட்டீர்கள். அது பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு, அண்ணன் அக்காவுக்கு ஏற்றி வையுங்கள்.

ஐந்தையும் ஒரே நாளில் ஏற்றாதீர்கள். இரண்டு போதும். அலுத்த பிறகு மூன்றாவது.

நம் வீடுகளில் பிள்ளைக்கென்று தனிப் போன் கிடையாது, இருக்கவும் வேண்டாம். அப்பா போனையே கொடுப்பதால் ஒரு பூட்டு தேவை. ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸில் 'பின்' என்று தேடினால், ஒரு செயலியைத் திரையோடு பூட்டி வைக்கும் வசதி வரும். அதை இயக்கி, வெளியேறும்போது லாக் எண் கேட்கும்படி வைத்துவிட்டால், பிள்ளை அந்தச் செயலியை விட்டு வாட்ஸப்புக்கும் போக முடியாது, ஜிபேக்கும் போக முடியாது. பிளே ஸ்டோரில் ஒவ்வொரு வாங்கலுக்கும் கடவுச்சொல் கேள் என்று மாற்றிவிடுங்கள்.

நீங்கள் கேட்டவை

கூட்டம் தொடங்குமுன் சிலர் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லி முடிக்கிறேன்.

"வீடியோ போடாவிட்டால் ஒரு வாய் சோறு இறங்க மாட்டேன் என்கிறது" என்றார் ஒரு தாய். சாப்பிடும்போதும், தூங்கப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்பும் திரை வேண்டாம் என்பது மருத்துவர்கள் சொல்வது. திரையைப் பார்த்துக்கொண்டே விழுங்கும் பிள்ளைக்குப் பசியும் தெரியாது, வயிறு நிறைந்ததும் தெரியாது. ஒரே நாளில் நிறுத்தினால் வீடு ரெண்டாகும். காலைச் சாப்பாட்டை மட்டும் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். திரையைக் கவிழ்த்து வைத்துப் பாட்டை மட்டும் கேட்கவிடுங்கள். சில நாளில் பாட்டும் வேண்டாம், நீங்களே பேச்சுக் கொடுங்கள். இரண்டு வேளை பட்டினி கிடக்காது, பயப்படாதீர்கள்.

"பிடுங்கினால் உருண்டு அழுகிறான்" என்றார் ஒரு தம்பி. பிடுங்கினால் பெரியவனும்தான் அழுவான். கொடுக்கும்போதே முடிவைச் சொல்லிவிடுங்கள். 'பத்து நிமிஷம்' என்பது பிள்ளைக்குப் புரியாது, 'ரெண்டு கதை' என்பது புரியும். இரண்டாவது கதை முடிந்ததும் அவனே மூடி உங்கள் கையில் தரட்டும். அழுகைக்காக மூன்றாவது கதையைக் கொடுத்தால், அழுதால் கிடைக்கும் என்று நீங்களே பாடம் நடத்திவிட்டீர்கள்.

"எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதே, நான் எப்படிப் பக்கத்தில் உட்கார்வது?" என்று ஓர் ஆயா கேட்டார். இன்றைக்கு வந்த கேள்விகளிலேயே எனக்குப் பிடித்தது இதுதான். ஆயா, உங்களைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. படிக்கத் தெரிந்த அம்மா பொறுமை இழந்து தானே படித்துவிடுவாள். உங்களுக்குப் பிள்ளைதான் படித்துக் காட்டியாக வேண்டும். "அப்புறம் என்னாச்சு? ஏன் அப்படிச் செஞ்சுது அந்த நரி?" என்று கேட்டுக்கொண்டே இருங்கள். அந்த நான்காவது தூண் நீங்கள்தான். கதை முடிந்ததும் உங்களுக்குத் தெரிந்த கதை ஒன்றைச் சொல்லுங்கள், எந்தச் செயலியிலும் அது கிடையாது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாசிப்பு இயக்கத்தில் 'நுழை, நட, ஓடு, பற' என்று நிலை பிரித்துச் சின்னச் சின்னக் கதைப் புத்தகங்கள் பள்ளிக்கு வந்தன. அழுக்காகிவிடும் என்று பீரோவில் பூட்டாமல் வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். கிழிந்த புத்தகம் யாரோ படித்த புத்தகம். கையில் புத்தகம் இருந்தால் செல்லின் ஒரு மணி நேரம் தானாக அரை மணி நேரமாகும்.

கடைசியாகப் பெரியவர்களுக்கு. பிள்ளைக்கு ஒரு மணி நேரம் என்று சட்டம் போட்டுவிட்டு நாம் மூன்று மணி நேரம் ரீல்ஸ் தள்ளினால் சட்டம் நிற்காது. பிள்ளை செல்லில் இருக்கும் அந்த நேரத்தில் நீங்களும் அதே திரையைப் பாருங்கள், உங்கள் போனைப் பார்க்காதீர்கள்.

பேச்சு இத்தோடு போதும். கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் நாளைக்கு மறந்துவிடும். ஆகவே வீட்டுக்குப் போகுமுன் இந்த மேசைக்கு வாருங்கள், போனைக் கொண்டுவாருங்கள். பிள்ளை என்னென்ன விளையாடுகிறது என்று ஒவ்வொன்றாகத் திறந்து, ஐந்து விலக்கையும் வைத்துச் சேர்ந்தே பார்ப்போம். தேறாததை இங்கேயே நீக்கிவிடலாம், 'பின்' பூட்டும் போட்டுத் தருகிறேன். பிள்ளையையும் கூட வைத்துக்கொள்ளுங்கள், ஏன் நீக்குகிறோம் என்று அதற்கும் தெரியட்டும். யார் முதலில் வருகிறீர்கள்?